மைனஸ் அறுபது

காலி மேடை எடை காட்டக் கூடாது. மண் விழுந்திருந்தால், ஜல்லி சிதறியிருந்தால், மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் பத்து இருபது கிலோ கூடுதலாகக் காட்டும். பெருக்கிவிட்டு ஜீரோ பட்டனை அமுக்கினால் சரியாகிவிடும். கல்குவாரி எடைமேடையில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு இதெல்லாம் யோசிக்காமல் கை செய்கிற வேலை. ஆனால் காலி மேடை குறைவாகக் காட்டினால் எதைப் பெருக்குவது?

அன்றும் பெருக்கியாயிற்று. ஜீரோ அமுக்கியாயிற்று. எடை காட்டும் பெட்டியில் சிவப்பாக ஒற்றை 0 நின்றது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பதற்குள் வெளியே இரும்புத் தகட்டில் 'டொக்' என்றது. ரப்பர் செருப்புப் போட்ட ஆள் ஒருவன் மேடையிலிருந்து குதித்து இறங்கினால் வருகிற சத்தம். அவள் எண்ணைப் பார்த்தாள்.

-60.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். லாரி நீளத்துக்குக் கிடந்த மேடையில் ஒரு காக்கைகூட இல்லை. வெயில் இன்னும் ஏறாத நேரம். கல்தூள் படிந்த வேலிச்செடிகள் சுண்ணாம்பு அடித்தது போல அசையாமல் நின்றன.

இது ஏழாவது காலை.

டிரைவர்கள் அவளை எடையம்மா என்பார்கள். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, கல் ஏற்றிப் போகும்போது ஒரு எடை. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். வழக்கமாக வரும் பதினோரு லாரிகளின் காலி எடையும் அவளுக்கு மனப்பாடம். எந்த டிரைவர் தொப்பை போட்டிருக்கிறான், எவன் ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டுகிறான் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

புருஷன் அதே குவாரியில் பாறையில் துளை போடுகிறவன். எட்டு மணிக்கு மேஸ்திரி வந்து பேர் எழுதின பிறகுதான் அவன் வேலை தொடங்கும். ஆனாலும் ஆறரைக்கே அவளோடு வந்துவிடுவான். அவளுக்கு முதுகு வலி. மேடையைப் பெருக்குவது அவன் வேலையாயிற்று. பெருக்கி முடித்துத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு மேடை நடுவில் நிற்பான். இறங்க மாட்டான்.

"எவ்வளவு காட்டுது?"

"அறுபது. ஒரு கிலோ ஏறல, ஒரு கிலோ இறங்கல. என் சமையல நல்லா சாப்பிடுறேன்னு வெளிய சொல்லிடாத, யாரும் நம்ப மாட்டாங்க. இறங்கு, ஜீரோ போடணும்."

"போட்டுக்கோ. என்னையும் சேத்து ஜீரோ ஆக்கிடு."

அவள் ஜன்னல் கண்ணாடியில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவாள். அதுதான் கணக்கு. இரண்டு தட்டுக் கேட்டால் இறங்கிவிட வேண்டும். 'டொக்' என்று குதிப்பான். அதற்கப்புறம்தான் அவள் பட்டனைத் தொடுவாள். அவன் தூக்கோடு தெற்குப் பக்கம் தன் பாறையடிக்குப் போய், மேஸ்திரி வரும்வரை நிழலில் உட்கார்ந்திருப்பான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல். அவள் லீவு. மேனேஜரின் மச்சான் அவள் சீட்டில் உட்கார்ந்தான். புருஷன் வழக்கம்போல சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினான். ஏழே காலுக்குக் குவாரியின் தெற்குப் பக்கம் பாறை சரிந்தது. மூன்று மாடி உயரம், அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டது. அப்போது உள்ளே வேலை தொடங்கவில்லை. மேஸ்திரி வரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

சாயங்காலம் புருஷன் வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

"அவன் அன்னைக்கு வேலைக்கே வரலம்மா" என்றார் மேனேஜர். "நோட்டுல பேர் இல்ல. யாரும் பாக்கல. என்கிட்ட சண்ட போட்டுட்டு வேற குவாரிக்குப் போறேன்னு போன மாசமே சொன்னவன்தானே? போயிருப்பான். நாலு நாள்ல போன் வரும் பாரு."

போலீஸ்காரர் வந்து, காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். தெற்குப் பள்ளம் இனி ஆகாது என்று மேல்மண்ணைக் கொட்டி மூடச் சொல்லிவிட்டார் மேனேஜர். அதைத் தள்ளிக்கொண்டிருந்தது பொக்லைன் ஓட்டுகிற அவள் கொழுந்தன்.

பாறை சரிந்த மறுநாள், புதன்கிழமை, அவள் வேலைக்குப் போனபோது ஜன்னலுக்கு வெளியே மூலையில் துடைப்பம் தலைகீழாகச் சாத்தியிருந்தது. குச்சி தேயக் கூடாதென்று அப்படி வைப்பது அவன் ஒருத்தன்தான். அதை யாரிடம் காட்டுவது? துடைப்பம் சாட்சி சொல்லுமா?

கம்ப்யூட்டரைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமைத் தாளைப் பார்த்தால் ஏதாவது தெரியும் என்று நினைத்தாள். எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே போனது என்றாவது தெரியும், அந்த டிரைவரைக் கேட்கலாம். ஆனால் திரை வேறு மாதிரி இருந்தது. நிறம் வேறு, எழுத்து வேறு. முந்தின நாள் சாயங்காலம் மச்சான் அணைக்கும்போது 'அப்டேட் செய்து அணை' என்பதை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். ராத்திரி முழுக்க அது தானாக எதையோ மாற்றிக்கொண்டிருக்கிறது. எடை புரோகிராமைத் தொட்டால், 'இதை இந்தக் கணினியில் இயக்க முடியாது' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் அன்றே வந்து தற்காலிகமாக வேறொரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். எது கெட்டாலும் முதலில் அணைத்துப் போடச் சொல்கிற மனுஷன். அதனால் குவாரியில் அவருக்கு ரீஸ்டார்ட்டு என்று பேர். புதிய புரோகிராமில் பழைய நாட்கள் கிடையாது. வியாழக்கிழமையிலிருந்து அந்த மைனஸ் அறுபது தொடங்கியது.

ஏழாவது காலையில் அவரையே திரும்பவும் வரவழைத்திருந்தாள். அவர் மேடைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலையெல்லாம் தூளாக வெளியே வந்தார்.

"கீழ ஒண்ணும் இல்ல தங்கச்சி. ஒயர் நல்லாருக்கு. தகடும் எங்கயும் உரசல. இது எனக்குப் பிடிபடல. மைனஸ் காட்டினா என்ன, அமுக்கி விட்டுட்டு வேலையப் பாரு."

"அமுக்கித்தாண்ணே விடுறேன். அது கெடக்கட்டும். அந்த அப்டேட்ட எடுத்து விடுங்க. எனக்குப் பழைய தாளப் பாக்கணும்."

"பின்னால பாரு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி சொருகியிருக்கா? அதுதான் உன் புரோகிராமுக்குச் சாவி. வந்திருக்கிற புதுசு அந்தச் சாவியக் கண்டுக்க மாட்டேங்குது. செஞ்சு குடுத்தவரு கடைய மூடிட்டுப் போயி அஞ்சு வருஷம் ஆச்சு. புதுச் சாவிக்கு எங்க போறது? அப்டேட்ட எடுத்தாத்தான் உண்டு. பத்து நாள் வரைக்கும் பழையத ஒரு ஓரமா மூட்ட கட்டி வெச்சிருக்கும். அதுக்கப்புறம் தூக்கிப் போட்டுடும்."

"என்னைக்கு வரைக்கும்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "வெள்ளிக்கிழம."

அன்று மதியம் முயன்றார்கள். பழையதற்குத் திரும்பு என்கிற பட்டனை அமுக்கியதும், ஏன் போகிறாய், எங்களிடம் என்ன குறை என்று கம்ப்யூட்டர் கேட்டது. "மாமியார் வீட்டுல கேக்குற மாதிரியே கேக்குது பாரு" என்றார் ரீஸ்டார்ட்டு. பிறகு திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பத்து சதவீதம். இருபத்தொன்று. முப்பத்தெட்டு வந்தபோது கல் உடைக்கிற கிரஷரை ஓட விட்டார்கள். பல்பு மங்கியது. யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்திவிட்டுச் செத்தது. மறுபடி கரண்ட் வந்தபோது கம்ப்யூட்டர் தட்டுத் தடுமாறி எழுந்து, திரும்ப முடியவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் புதுக் கோலத்திலேயே வந்து நின்றது.

மேனேஜர் வாசலில் நின்றார். "எதுக்கு இந்த வேலை? புதுசு நல்லாத்தானே ஓடுது? மொத்தமா அழிச்சுட்டுச் சுத்தமா போடச் சொல்லியிருக்கேன், திங்கக்கிழம."

"பழைய தாள் போயிடும் சார்."

"போகட்டும். அத வெச்சு என்ன பண்ணப் போற?"

சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். அண்ணன் காணாமல் போனதிலிருந்து தினமும் வந்து போகிறான். உட்கார்ந்தால் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவான். அவள் தட்டை வைத்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு தம்பி."

"அண்ணன் போயிட்டாரு. வேற குவாரிக்கோ, வேற எங்கயோ. வருவாரு. நீங்க அந்தக் கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு அழுவாதீங்க. மேனேஜர் உங்க வேலைக்கே ஒல வெச்சிடுவாரு."

"உங்க அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோட போயிருக்காரு. ஊர விட்டு ஓடுறவன் மதியச் சோத்தக் கட்டிக்கிட்டா போவான்?"

அவன் செம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

"மண்ணத் தள்றியே, எவ்வளவு ஒசரம் வந்திருக்கு?"

"அண்ணி..."

"கேட்டதுக்குச் சொல்லு."

"பாதிப் பள்ளம். சனிக்கிழம சமமாயிடும்." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "அவரு அங்க இல்ல அண்ணி. அங்க இருந்தா நான் எப்படி மண்ணத் தள்ளுவேன்? இல்லவே இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். இவன் நம்புவதால் சொல்லவில்லை, நம்பாவிட்டால் அந்த எந்திரத்தில் ஏற முடியாது என்பதால் சொல்கிறான் என்று புரிந்தது. உள்ளே பாயில் படுத்திருந்த மகள், "சித்தப்பா, அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாள். அவன் கை கழுவ எழுந்தான்.

"காலைல ஆறரைக்கு மேடைக்கு வா தம்பி" என்றாள் அவள். "எனக்கு முதுகு முடியல. பெருக்கிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

வியாழக்கிழமை காலை அவன் வந்து பெருக்கினான். அண்ணனைப் போல வராது, நடுவில் திட்டுத் திட்டாகத் தூள் நின்றது. அவள் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல, கிழக்கு ஓரம் வரை தள்ளினான். முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து மேடை நடுவிலேயே மூச்சு வாங்கினான். அவள் வேறு நினைப்பில் பட்டனை அமுக்கிவிட்டாள். தட்டவில்லை.

"முடிஞ்சுதா அண்ணி?" என்று கேட்டபடி அவன் குதித்து இறங்கினான். டொக்.

-70.

ஆள் நிற்கும்போது ஜீரோ போட்டால், அவன் எடை ஜீரோவுக்குள் போய்விடுகிறது. அவன் இறங்கினதும் அவ்வளவும் குறைவாகக் காட்டுகிறது. எட்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடச் செய்யாத தப்பு. அதனால் இந்த எண்ணை அவள் பார்த்ததே இல்லை.

"தம்பி, உள்ள வா."

அவன் வந்து நின்றான். அவள் காலி மேடையை அவனுக்குக் காட்டினாள். ஜீரோ அமுக்கினாள். 0 நின்றது.

"என்ன அண்ணி?"

"பேசாம நில்லு."

இருவரும் நின்றார்கள். தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. காற்று இல்லை. வெளியே தகடு 'டொக்' என்றது. கொழுந்தன் சட்டென்று ஜன்னலைப் பார்த்தான். மேடை வெறுமையாகக் கிடந்தது. ஓரத்தில் மட்டும், அவன் விட்டுவிட்ட தூளில் ஒரு சின்னப் புகை எழும்பி அடங்கியது.

-60.

"யாரு?" என்றான். குரல் சின்னப் பையனுடையது போல வந்தது.

"உங்க அண்ணன் எவ்வளவு எடை?"

அவன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, கேளு. அன்னைக்கு அவரு வந்திருக்காரு. எனக்குப் பதிலா பெருக்கியிருக்காரு. அவரு மேல நிக்கும்போதே அந்த மச்சான் ஜீரோ அமுக்கியிருக்கான். ஜன்னல்ல தட்டணும்னு அவனுக்கு யாரு சொன்னா? அப்படி அமுக்கியிருந்தா அன்னைக்கு வந்த ஒவ்வொரு வண்டியும் அறுபது கொறச்சல் காட்டியிருக்கும். உள்ள வர்றப்பவும் அறுபது கம்மி, வெளிய போறப்பவும் அறுபது கம்மி. கழிச்சா கல்லோட எடை சரியா வந்துடும். அதனால ஒருத்தனுக்கும் தெரியல. ஆனா காலி வண்டி எடை எனக்குத் தெரியும். பதினொண்ணும் தெரியும்."

"அந்தத் தாள்..."

"அப்டேட்டுக்குப் பின்னாடி இருக்கு. நாளையோட போயிடும்."

அவன் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தான். பிறகு, "கரண்ட்டு நான் தர்றேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வெல்டிங் ஷெட்டிலிருந்து ஜெனரேட்டரைக் கொழுந்தன் பொக்லைன் கையில் சங்கிலி கட்டித் தூக்கி வந்து அறைக்குப் பின்னால் இறக்கினான். ரீஸ்டார்ட்டு ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். அவள் அன்று ஜீரோ அமுக்கவில்லை. வந்தபோதே பெட்டியில் மைனஸ் அறுபது நின்றது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.

வட்டம் சுற்றியது. வெளியே லாரிகள் வரிசை கட்டின. முன்னால் நின்ற டிரைவர் ஹாரனில் உள்ளங்கையை வைத்து எடுக்கவேயில்லை.

"எடையம்மா! கல்லு முளைச்சு மரமாயிடும், சீக்கிரம் விடு!"

முப்பத்தெட்டில் நின்றது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ரீஸ்டார்ட்டு நெற்றியைத் துடைத்தார். கை பட்டனுக்குப் போனது.

"தொடாதீங்கண்ணே."

"இப்படி நின்னா அணைச்சுப் போட்டுத்தான்..."

"இன்னைக்கு ஒரு நாள் தொடாதீங்க."

நாற்பது. எழுபது. திரை மூன்று முறை இருண்டு வெளுத்தது. எட்டரைக்குப் பழைய நீலத் திரை வந்தது. மூலையில், மகள் இரண்டாம் வகுப்பில் எடுத்த போட்டோ. அவள் எடை புரோகிராமைத் தொட்டாள். திறந்தது.

மேனேஜரும் மச்சானும் வரும்போது அவள் செவ்வாய்க்கிழமைத் தாளை அடித்துக் கையில் வைத்திருந்தாள். படித்தாள். வண்டி நம்பர், வழக்கமான காலி எடை, அன்றைய எடை. முதல் வண்டி எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, அன்று எட்டாயிரத்து எண்ணூற்றி எண்பது. இரண்டாவதில் அறுபது கம்மி. மூன்றாவதிலும் அறுபது. வரிசையில் நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஜன்னலுக்கு வந்தார்கள். அவரவர் வண்டி எடை அவரவருக்குத் தெரியும். ஹாரன் நின்றிருந்தது. பதினொன்றாவது வரை அறுபது, அறுபது, அறுபது.

"சாஃப்ட்வேர் கோளாறு" என்றார் மேனேஜர்.

அவள் மச்சானைப் பார்த்தாள். "ஜீரோ எப்ப அமுக்கின?"

"வந்ததும்... ஆறே முக்காலுக்கு. போன்ல பேசிக்கிட்டிருந்தேன்க்கா. வெளிய பாக்கல." அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "பெருக்குற சத்தம் கேட்டுச்சு. நீங்கதான்னு நெனச்சேன்."

"நான் லீவுன்னுதானே நீ என் சீட்டுல உக்காந்திருந்த?"

அந்தப் பத்து நாளில் அவனுக்கே அது தோன்றியிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"அறுபது கிலோவ வெச்சுக் குவாரிய நிறுத்தச் சொல்றியா?" என்று மேனேஜர் திரும்பினார். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பொக்லைன் உறுமியது. கொழுந்தன் யாரையும் கேட்கவில்லை. தெற்குப் பள்ளத்துக்கு எந்திரத்தை விட்டான். டிரைவர்கள் லாரிகளை அப்படியே நிறுத்திவிட்டுக் கடப்பாரையோடு பின்னால் நடந்தார்கள்.

ஒன்பது நாளாகத் தள்ளிய மண்ணை அவனே திரும்ப அள்ளினான். மண் தீர்ந்து பாறை வந்தபின் இறங்கிக் கையால் பிரித்தார்கள். மதியம் மூன்று மணிக்கு முதலில் சாப்பாட்டுத் தூக்கு கிடைத்தது. தட்டையாக நசுங்கியிருந்தது, மூடி திறக்கவில்லை.

போலீஸ் வந்து எழுதி முடித்தபின் தார்ப்பாயில் சுற்றிக் கயிறு கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். குவாரியிலிருந்து வெளியே வர எடைமேடை மேல்தான் வழி. வண்டி இன்னும் வந்து சேரவில்லை. தோள் மாற்றிக்கொள்ள மேடை நடுவில் இறக்கி வைத்துவிட்டு, நால்வரும் ஓரமாக இறங்கி நின்றார்கள். கொழுந்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் உள்ளே தன் சீட்டில் இருந்தாள். பத்து நாள் மண்ணுக்குள் கிடந்த உடம்பு, தார்ப்பாய், கயிறு, சட்டைக்குள் புகுந்த கல்தூள். எப்படிக் கூட்டினாலும் சரியாக அறுபது வரக் கூடாது.

காலையிலிருந்து மைனஸ் அறுபது காட்டிய பெட்டியில், நால்வரின் எடையும் இறங்கியபின் எண் ஒரு முறை துடித்தது.

0.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். வெளியே வண்டி வந்து நின்றது. நான்கு பேரும் அவள் பக்கம் பார்த்துக் காத்து நின்றார்கள்.

அவள் விரலை மடக்கி, ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.